ஒரு வறண்ட வெளியும் இரண்டு ரோஜா அழகிகளும்

ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்து வெயில் அடித்துவிட்டால், கீழக்குயில்குடி சமணர் மலையின் அடிவாரக் கரம்பு நிலங்களில் கரிய வண்ணத்துப்பூச்சிகள் தென்படத் தொடங்கும். உண்ணிச்செடிப் பூக்களில் அவை தேன் குடிக்கும்போதும் இறக்கை அடிப்பது நிற்பதில்லை. இறக்கைகள் கருமை, உடல் மட்டும் குங்குமச் சிவப்பு. முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகளும் பின்னிறக்கையில் இரண்டு வரிசைச் சிவப்புப் பொட்டுகளும் இருந்தால் அது சிவப்புடல் அழகி. முன்னிறக்கையில் வெள்ளை இல்லாமல் பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டுகள் சில சேர்ந்திருந்தால் அது ரோஜா அழகி. இரண்டும் பாக்லியோப்டா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்க் கரை, வயல் வரப்பு, கல்லூரித் தோட்டம், வீட்டு முற்றம் என்று எங்கும் பறப்பவை.

இதே பேரினத்தில் இவற்றுக்கு நெருங்கிய உறவினர் இரண்டு உண்டு. மதுரைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழ்வது மலபார் ரோஜா அழகி. தெற்கே கடல் கடந்து, இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் வாழ்வது இலங்கை ரோஜா அழகி. இந்த இரண்டையும் மதுரைக்காரர் தம் ஊரில் ஒருபோதும் பார்க்க முடியாது. உலகில் வேறெங்கும் அவை இல்லை. பல காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு, இன்று இரண்டு இனங்களாக ஏற்கப்பட்டவை அவை.

இந்தக் கட்டுரை அந்த இருவரையும் பற்றியது. அவர்களைக் கீழக்குயில்குடியில் நின்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மழை குறைந்த நம்முடைய சமவெளிதான் அவர்களைப் பிரித்துவைத்திருக்கிறது. அதே சமவெளியில் நம் இரண்டு அழகிகளும் தாராளமாகப் பறக்கின்றன. ஒரு வண்ணத்துப்பூச்சி இனம் ஏன் பெருகுகிறது, ஏன் அருகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

நஞ்சை உண்டு வளரும் புழு

நான்கு அழகிகளின் வாழ்வும் ஒரு தாவரக் குடும்பத்தோடு கட்டப்பட்டது. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று நாம் அறிந்த அரிஸ்டோலோக்கியாச் செடிகளின் குடும்பம் அது.

ஆடுதின்னாப்பாளை நம் பக்கத்துச் செடி. தரையோடு படரும். இலை சிறுநீரக வடிவில், விளிம்பு நெளிநெளியாக இருக்கும். பூ கருஞ்சிவப்புக் குழல். கரிசல் காட்டிலும் செம்மண் வரப்பிலும் மழைக்குப் பின் தளிர்த்து, கோடையில் தரைக்கு மேல் காய்ந்து, அடுத்த மழையில் வேரிலிருந்து மறுபடி எழும். கசப்பு மிகுதி என்பதால் மேய்ச்சல் ஆடுகள் ஒதுக்கிவிட்டுப் போகும். ஈஸ்வரமூலி கொடி வகை. வேலியிலும் புதரிலும் ஏறிப் படரும். பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள்.

பெண் அழகி இந்தச் செடிகளைத் தேடித் தாழ்வாகப் பறக்கிறது. இலையின் மேல் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கிறது. கால்களில் உள்ள சுவை உணர்விகள் இலையின் வேதிப்பொருளை அடையாளம் கண்டு சரி என்று சொன்னால்தான் முட்டை. வேறு செடியில் இடுவதில்லை. இட்டாலும் புழு பிழைக்காது. முட்டையிலிருந்து வரும் புழு கருஞ்சிவப்பாக, உடல் முழுவதும் சதைப்பற்றான முட்களோடு இருக்கும். ரோஜா அழகியின் புழுவுக்கு இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. சிவப்புடல் அழகியின் புழுவுக்கு அது கிடையாது. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் கெட்ட வாசனை பரப்பும்.

இந்தச் செடிகள் அரிஸ்டோலோக்கிக் அமிலங்கள் என்ற நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை அதனாலேயே இவற்றை அண்டுவதில்லை. ரோஜா அழகிகளின் முன்னோர் அந்த நஞ்சைத் தாங்கக் கற்றார்கள். தாங்கியதோடு நில்லாமல் உடலில் சேமித்துவைக்கவும் கற்றார்கள். புழு சேமித்த நஞ்சு கூட்டுப்புழுவுக்குப் போகிறது, அங்கிருந்து இறக்கை முளைத்த பூச்சிக்குப் போகிறது. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை அந்தக் கசப்பை மறப்பதில்லை. சிவப்பு உடலைக் கண்டால் விலகிவிடும். அதனால்தான் இவை அவசரமே இல்லாமல், பார்ப்பவர் கண்ணில் படும்படி மெதுவாகப் பறக்கின்றன. அந்தியில் ஒரே குச்சியில் பலவாகக் கூடி உறங்கவும் சிவப்புடல் அழகி அஞ்சுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பறவைக்குக் கசக்கும் அதே நஞ்சு மனிதனின் சிறுநீரகத்தை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மருந்து உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மருந்தில் அரிஸ்டோலோக்கியா கலந்திருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த அமிலங்கள் கொண்ட தாவரங்களை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. ஆடுதின்னாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் வீட்டுக் கைவைத்தியமாகத் தின்பதை நிறுத்திவிட்டால் மனிதருக்கும் நல்லது, வண்ணத்துப்பூச்சிக்கும் நல்லது.

சிவப்பு உடலின் மதிப்பு

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு வலுவானது என்பதற்குச் சான்று நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்திலேயே இருக்கிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுவாக வளரும் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை அச்சு அசலாக ரோஜா அழகியைப் போலவும், இன்னொரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். பறவை ஏமாறுகிறது, பூச்சி தப்பிக்கிறது. சிவப்புடல் அழகியைப் போன்ற வகை, அந்த அழகி வாழும் தென்னிந்தியா, இலங்கை போன்ற பகுதிகளிலேயே காணப்படுகிறது. பார்த்து அஞ்சுவதற்கு அசல் இல்லாத இடத்தில் நகலுக்குப் பயன் இல்லை.

ஒரே தாய்க்குப் பிறந்த பெண் பூச்சிகள் எப்படி இவ்வளவு வேறுபட்ட வேடங்களில் வருகின்றன என்ற கேள்விக்கு 2014இல் விடை கிடைத்தது. பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களே இறக்கைக் கோலம் முழுவதையும் மாற்றுகின்றன என்று கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

அசலையும் நகலையும் பிரித்தறிவது எளிது. உடலைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ரோஜா அழகிகளில் ஒன்று. கறுப்பாக இருந்தால் வேடமிட்ட கறிவேப்பிலை அழகி.

மேற்கில் ஒன்று, தெற்கில் ஒன்று

இலங்கை ரோஜா அழகியை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜி. ஆர். கிரே. 1850களின் தொடக்கத்தில் அவர் அதற்கு ஜோஃபோன் என்று பெயரிட்டார். மலபார் ரோஜா அழகிக்கு 1881இல் பிரடெரிக் மூர் பாண்டியானா என்று பெயர் சூட்டினார். பின்வந்த வகைப்பாட்டியலாளர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, பாண்டியானாவை ஜோஃபோனின் துணையினம் என்று வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி நூல்களில் அப்படித்தான் இருக்கும். இப்போது இரண்டும் தனித்தனி இனங்களாகவே கொள்ளப்படுகின்றன.

இரண்டையும் ஒன்றாக எண்ணியதில் வியப்பில்லை. இரண்டுக்கும் சிவப்பு உடல், கரிய இறக்கை, பின்னிறக்கையில் வால். நம் ஊர் ரோஜா அழகியோடு ஒப்பிட்டால் இரண்டிலும் பின்னிறக்கையின் வெள்ளை பெரிது. ரோஜா அழகியில் தனித்தனித் திட்டுகளாக நிற்கும் வெள்ளை, இவற்றில் இறக்கையின் நடு அறைக்குள்ளும் நுழைந்து அகலமாகப் பரவியிருக்கும். இருட்டான காட்டுக்குள் அந்த வெள்ளைதான் முதலில் கண்ணில் படும்.

உணவிலும் ஒற்றுமை. இரண்டின் புழுவும் தோட்டியா சிலிகோசா என்ற குறுஞ்செடியைத் தின்று வளர்கின்றன. மலையாளத்தில் இதை அல்பம் என்பார்கள். ஆடுதின்னாப்பாளையின் குடும்பம்தான்; ஆனால் குணம் முற்றிலும் வேறு. வெயிலில் காய்ந்து மழையில் மீளும் வலு இதற்கு இல்லை. உயர்ந்த மரங்களின் நிழலில், எப்போதும் ஈரம் காயாத மண்ணில், காட்டின் அடித்தட்டில் வளரும் செடி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இதே இனம் இருக்கிறது. செடி இருபுறமும் ஒன்றாகவே இருக்க, அதைத் தின்னும் பூச்சி இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

வேறுபாடு அவை வாழும் நிலத்தின் அளவில் இருக்கிறது. மலபார் ரோஜா அழகிக்குத் தெற்கே கேரளம் முதல் வடக்கே கர்நாடகம், கோவா வரை நீண்ட மலைச்சரிவு இருக்கிறது. காடு துண்டுபட்டிருந்தாலும் துண்டுகள் பல. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் எஞ்சி நிற்க வாய்ப்புண்டு. இலங்கை ரோஜா அழகிக்கு அந்த நீளம் கிடையாது. தீவின் தென்மேற்கு மூலையில், சிங்கராஜா, கன்னெலிய போன்ற தாழ்நில மழைக்காடுகளே அதன் உலகம். அந்தக் காடுகளும் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே சிறு சிறு துண்டுகளாக எஞ்சியவை.

பிரித்தது கடல் மட்டுமா?

இரண்டு இனங்களுக்கும் நடுவே பாக் நீரிணை இருக்கிறது. எனவே கடல்தான் பிரித்தது என்று தோன்றும். ஆனால் அந்தக் கடல் மிகவும் ஆழம் குறைந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். அதற்கு முந்தைய பனியுகங்களிலும் நிலம் பலமுறை இணைந்து இணைந்து பிரிந்திருக்கிறது. வழி இருந்தும் இரண்டு பக்கத்து உயிர்கள் ஏன் கலந்து ஒன்றாகவில்லை?

இந்தக் கேள்வியை வண்ணத்துப்பூச்சிக்கு மட்டுமல்லாமல் பல உயிர்களுக்கும் கேட்டார்கள். 2004இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை ஆகிய இரு இடங்களின் மரத்தவளைகள், காலற்ற நீர்நில வாழிகள், மண்ணுள் வாழும் பாம்புகள், நன்னீர் மீன்கள், நண்டுகள், இறால்கள் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டது. நிலப்பாலம் இருந்த காலங்களிலும் இரு பக்கத்து உயிர்களும் பெரும்பாலும் தனித்தே பரிணமித்திருக்கின்றன என்று அது காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்வளச் செறிவிடமாக உலகம் எண்ணுகிறது. அதற்குள் இரண்டு தனி உலகங்கள் இருப்பது அப்போது தெளிவானது.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். சமணர் மலை உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்குச் சரிவிலேயே கறந்துகொள்கிறது. நமக்கு மிஞ்சுவது மழை மறைவு. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி சில மாதங்களில் பெய்துவிடும். இராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணம் என்று அந்தப் பக்கமும் வறண்ட நிலமே தொடர்கிறது. சிங்கராஜாவிலோ 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளிலும் அதே அளவு. இரண்டு ஈரக்காடுகளுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு முட்புதர்க் காடும் வெட்டவெளியும். கடல் வற்றிய காலத்திலும் அந்த வறட்சி வற்றவில்லை. நிழலில் வளரும் அல்பம் செடி இந்த வெளியில் வேர்விடாது. செடி இல்லாத இடத்தில் அதை நம்பிய பூச்சிக்கு ஒரு தலைமுறைகூடக் கிடையாது. எனவே மலபார் அழகியையும் இலங்கை அழகியையும் பிரித்ததில் கடலின் பங்கைவிட நம் வறண்ட சமவெளியின் பங்கே பெரிது என்று கொள்வதுதான் பொருத்தம்.

சிவப்புடல் அழகியின் வரலாறு இதற்கு நேர்மாறு. அதன் செடி வெயிலைத் தாங்குகிறது. வரப்பு, வேலி, தரிசு எங்கும் முளைக்கிறது. ஆகவே மதுரையும் இராமநாதபுரமும் அதற்குத் தடை ஆகவில்லை. தென்னிந்தியாவின் வலசைப் பூச்சிகளில் அதுவும் ஒன்று. இராமேசுவரம் தீவில் ஆயிரக்கணக்கில் திரண்டு கடலை நோக்கிப் பறந்ததைப் பழைய வண்ணத்துப்பூச்சி நூல்களே குறித்திருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் பறப்பது ஒரே சிவப்புடல் அழகிதான். ஒரே நிலம், ஒரே கடல். ஓர் உறவினருக்கு அது பாதை, இன்னோர் உறவினருக்கு அது எல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதியது புழு தின்னும் செடி.

எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் மலபார், இலங்கை அழகிகள் இரண்டும் உள்ளன. அனுமதியின்றி எல்லை கடத்தி விற்க முடியாது. அழகும் அருமையும் சேர்ந்த பூச்சிக்குச் சேகரிப்பாளர் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதால் இந்தப் பாதுகாப்பு தேவைதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1996இல் வெளியிட்ட சிவப்புப் பட்டியலில் இலங்கை ரோஜா அழகி மிக அதிக ஆபத்தில் உள்ள இனமாக வைக்கப்பட்டது. நம் சிவப்புடல் அழகியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பல பத்தாண்டுகள் இருந்தது.

என் கணிப்பில் நால்வரில் இலங்கை அழகியின் நிலையே மிகவும் இக்கட்டானது. நிலம் சிறிது என்பது ஒரு காரணம். துண்டுகளுக்கிடையே போக்குவரத்து இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு சிறிய காட்டுத் துண்டில் வாழும் வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் எப்போதும் நூலிழையில் நிற்கிறது. ஒரு கடும் வறட்சி, ஒட்டுண்ணிக் குளவிகளின் ஒரு பெருக்கம், அளவு மிஞ்சிய ஒரு மழை போதும், அந்த ஆண்டுப் புழுக்கள் அத்தனையும் போய்விடும். பக்கத்துத் துண்டிலிருந்து சில பெண் பூச்சிகள் பறந்துவந்து முட்டையிட்டால் கூட்டம் மீளும். சிவப்புடல் அழகிக்கு இது எளிது. ஊர் விட்டு ஊர் பறக்கும். நிழலுக்குப் பழகிய காட்டு அழகிக்குத் திறந்த தேயிலைச் சரிவைக் கடப்பது கடினம். பக்கத்திலேயே காடு இருந்தும் போய்ச் சேர முடியாமல் ஒவ்வொரு துண்டாக வெறுமையாகும். உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து மரபணு வளமும் குன்றும்.

மலபார் அழகியின் ஆபத்து வேறு வகை, வெளியே தெரியாதது. ஏலத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால், ஏன், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் காடு காடாகவே தெரியும். ஆனால் ஏலம் நடுவதற்காகக் கீழ்த்தளச் செடிகளை முழுவதும் வெட்டிவிடுகிறார்கள். அல்பம் போன்ற குறுஞ்செடிகள் இருந்த இடம் அதுதான். மேலே மரம் நிற்கும். கீழே புழுவுக்கு ஓர் இலை இருக்காது. காட்டின் பரப்பை மட்டும் அளந்து நிம்மதி அடைபவர்களுக்கு இந்த இழப்பு தென்படுவதே இல்லை.

சிங்கராஜாவின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். இலங்கை மக்களிடமும் அறிவியலாளர்களிடமும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு அது உயிர்க்கோளக் காப்பகமானது. 1988இல் உலகப் பாரம்பரியக் களமானது. இலங்கை ரோஜா அழகி இன்றும் பறப்பதில் அந்த எதிர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. பூச்சியின் பெயரைச் சொல்லி யாரும் போராடவில்லை. காட்டுக்காகப் போராடினார்கள், பூச்சியும் பிழைத்தது.

ஆஸ்திரேலியா காட்டும் வழி

ரோஜா அழகிகளின் தூரத்து உறவினர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ரிச்மண்ட் பேர்ட்விங் என்று பெயர். கிழக்குக் கரையின் மழைக்காடுகளில் அரிஸ்டோலோக்கியாக் குடும்பத்தின் ஒரு கொடியை நம்பி வாழ்வது. காடு அழிந்து கொடி அருகியபோது பூச்சியும் அருகியது. அங்கே இன்னொரு கேடும் சேர்ந்தது. பூ அழகாக இருக்கிறது என்று தோட்டங்களில் வைக்கப்பட்ட தென்னமெரிக்க அரிஸ்டோலோக்கியா ஒன்று காட்டுக்குள் பரவிவிட்டது. பெண் பூச்சிகள் அதை உணவுச்செடி என்று நம்பி முட்டையிட்டன. இலையைத் தின்ற புழுக்கள் இறந்தன.

1990களில் ஆய்வாளர்கள் பள்ளிகளிடமும் பொதுமக்களிடமும் போனார்கள். உள்நாட்டுக் கொடியின் நாற்றுகளைக் கொடுத்து, பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு வேலிகளிலும் நடச் சொன்னார்கள். அயல் கொடியைக் களையச் சொன்னார்கள். காட்டுத் துண்டுகளுக்கிடையே கொடிகள் தொடர்ச்சியாக முளைத்தபோது பூச்சி மறைந்துபோயிருந்த சில இடங்களுக்கு மீண்டும் வந்தது. சட்டப் புத்தகத்தால் மட்டும் இது நடந்திருக்காது. பூச்சியைப் பிடிப்பவரைச் சட்டம் தண்டிக்கும். அதன் செடியைக் களை என்று பிடுங்குபவரைக் கண்டுகொள்ளாது. செடியை அறிந்த மக்கள் இருந்தால்தான் அந்த இடைவெளி அடைபடும்.

கீழக்குயில்குடியில் செய்ய வேண்டியவை

நம் இரண்டு அழகிகளும் இன்று ஏராளமாக இருக்கின்றன என்பது மகிழ்ச்சி. ஆனால் அவற்றின் செடிகள் வளரும் இடம் சுருங்கிவருகிறது. மதுரைக்கு மேற்கே தரிசுகள் வீட்டுமனைகளாகின்றன. வரப்பு ஓரத்தில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கண்மாய்க் கரைகளைச் சீமைக்கருவேலம் மூடுகிறது. மருந்துக்கென்று ஆடுதின்னாப்பாளையை வேரோடு பிடுங்கிப் போகிறார்கள். இவை எதுவும் ஒரே நாளில் ஓர் இனத்தை அழிக்காது. மலபார், இலங்கை அழகிகளின் காடுகளும் ஒரே நாளில் துண்டுபடவில்லை. பெருகியிருக்கும்போதே காப்பது எளிது. அருகிய பிறகு காக்க ஆஸ்திரேலியாவைப் போல ஒரு நாடே இறங்கி உழைக்க வேண்டியிருக்கும்.

மதுரை மாவட்டத்துக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது நம் அரிட்டாபட்டிதான். அதன் சுற்றுவட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றார்கள். 2025 சனவரியில் ஏலம் இரத்தானது. குன்றும் குகையும் கல்வெட்டும் கண்மாயும் பறவையும் பூச்சியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அந்த மக்கள் புரிந்துவைத்திருந்தார்கள். சமணர் மலைக்கும் அந்தப் புரிதல் வேண்டும். அதன் சிற்பங்களைத் தொல்லியல் துறை காக்கிறது. அடிவாரத்துப் புதரைக் காக்க ஊர்தான் முன்வர வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. வரப்பிலும் தரிசிலும் ஆடுதின்னாப்பாளை தென்பட்டால் விட்டுவையுங்கள். பள்ளித் தோட்டத்தில் ஈஸ்வரமூலிக் கொடி ஒன்றை வேலியில் ஏற்றுங்கள். குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கொடி முழுவதையும் புழுக்கள் தின்றுவிட்டால் கவலைப்பட்டு மருந்து அடிக்காதீர்கள். அது வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். கூட்டுப்புழு உடைந்து சிவப்பு உடல் வெளிவருவதைப் பார்த்த குழந்தைக்கு வேறு சுற்றுச்சூழல் பாடம் அதிகம் தேவைப்படாது. பூவின் விந்தைக்காக வெளிநாட்டு அரிஸ்டோலோக்கியாக் கொடிகளை நாற்றங்காலிலிருந்து வாங்கி வைக்காதீர்கள். பார்த்த பூச்சியைப் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து, வண்ணத்துப்பூச்சிப் பதிவுத் தளங்களில் சேர்த்துவிடுங்கள். எங்கே இருக்கிறது என்ற பதிவு இருந்தால்தான் எங்கே குறைகிறது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்.

மேற்கு மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏலத்தோட்டம், காப்பித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓடைக் கரையோரமாவது ஒரு பட்டைக் காட்டை அடித்தட்டோடு சேர்த்து விட்டுவையுங்கள். மரத்தை மட்டும் விட்டால் போதாது. மரத்தடிச் செடியையும் விட வேண்டும். மலபார் ரோஜா அழகிக்கு வேண்டியது அந்த அளவு இடம்தான்.

வண்ணத்துப்பூச்சியைக் காப்பது என்றால் பறக்கும் பூச்சியைக் காப்பது என்றே நினைத்துவிடுகிறோம். அது பறப்பது சில வாரங்கள். அதற்கு முன் அது புழுவாக ஒரே ஒரு வகைச் செடியின் மேல் கிடந்தது. அந்தச் செடியைப் பெயர் சொல்லி அறியாதவர் அந்தப் பூச்சியைக் காக்க முடியாது. அடுத்த மழை முடிந்ததும் உங்கள் ஊர் வரப்பில் ஆடுதின்னாப்பாளையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். களையெடுப்பவர்களிடம் அதைக் காட்டி, இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள்.